மணியார்டர் நின்ற வருஷம்

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. இரண்டாம் உலகப் போர்னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் ஓடுது? ஹிட்லர் மீசை, ஹிரோஷிமா மேல் எழுந்த புகை, நம்மில் பாதிப் பேருக்கு நோலன் படம், மீதிப் பேருக்குக் கால் ஆஃப் டியூட்டி. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் யாருக்கும் ஞாபகம் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை, இந்த ஊர்களில் ஒரு குண்டுகூட விழவில்லையே.

ஆனா மேப்பை எடுத்து ஒரு ஸ்கேல் வச்சுப் பாருங்க. திருச்சுழியிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 450 கிலோமீட்டர். கொழும்பும் திருகோணமலையும் சுமார் 350 தான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த வாரங்களில் மெட்ராஸ் நகரமே பயந்துபோய்க் காலியானது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். அரசு அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். மதுரையில் இன்று நாம் பார்க்கிற விமான நிலையம் இருக்கே, அதை ஆங்கிலேய விமானப்படை பயன்படுத்த ஆரம்பித்ததும் 1942ல்தான்.

அப்போது என் அப்பத்தாவுக்கு எட்டு வயசு இருக்கும். அவங்க கணக்குப்படி, "கீழ்ப்பல்லு விழுந்து முளைச்சு, மேப்பல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு."

போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தப்ப, போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி வச்சுட்டு அவங்களைப் பேசச் சொன்னேன். அவங்களுக்குத் தேதி எதுவும் தெரியாது. தமிழ் மாசம் தெரியும், எந்த வருஷம் எது இல்லாமப் போச்சுன்னு தெரியும். அவங்க சொன்னதுக்குப் பக்கத்துல தேதியை எழுதினது மட்டும்தான் என் வேலை. படிச்சுப் பாருங்க.

அக்கரைச் சீமை

எங்க ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சின்னக் கரிசல் கிராமம். ரமண மகரிஷி பிறந்த ஊர்னு திருச்சுழியை வெளியூர்க்காரங்க சொல்வாங்க. எங்களுக்கு அது சந்தைக்கும் தபாலாபீசுக்கும் போற ஊர். அப்போது விருதுநகர் மாவட்டம் கிடையாது, எல்லாமே ராமநாதபுரம் ஜில்லா. மழை பெய்தால் கம்பு, குதிரைவாலி, பருத்தி. பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஜனம் வேடிக்கைக்குப் போகும்.

அதனால்தான் ஆம்பளைங்க கப்பல் ஏறினாங்க. சிலோன், மலேயா, பர்மா. 1931 சென்சஸில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவங்க இந்தியர்கள்தான். அப்பத்தாவின் அய்யாவும் (அப்பாவை அய்யானுதான் அவங்க கூப்பிட்டிருக்காங்க) சின்னய்யாவும் அந்தப் பத்து லட்சத்தில் இரண்டு பேர். ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை.

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மணியார்டர் வரும் தாயி. தபால்காரரு திருச்சுழியில இருந்து சைக்கிள்ள வருவாரு. அவரைப் பாத்தா எங்க ஊரு நாய்கூடக் கொலைக்காது. எங்காத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அவரே கடுதாசியையும் படிச்சுச் சொல்லிட்டு, மோர் குடிச்சுட்டுப் போவாரு."

மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. தேதி 1941 டிசம்பர் 23. எங்க ஊருக்கு அந்தச் செய்தி வரவில்லை. ரேடியோ இல்லை, பேப்பர் இல்லை. வந்தது ஒன்றே ஒன்று. தைப்பொங்கலுக்கு வர வேண்டிய மணியார்டர் வரவில்லை. பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8ல் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. மாசி போச்சு, பங்குனி போச்சு. அப்பத்தாவின் அம்மா வாரம் தவறாமல் தபாலாபீசுக்கு நடந்தாங்க. "ரங்கூன் தபால் எதுவும் வரலம்மா"ன்னு அங்கே சொல்வாங்களாம். கூடப் போன எட்டு வயசுப் பிள்ளைக்குப் புரிந்தது அவ்வளவுதான். போர் என்றால் தபால் வராதது.

விளக்கு

அடுத்துப் போனது மண்ணெண்ணெய்.

"ஒரு நா கடைக்காரரு சீமெண்ணெய் இல்லைன்னாரு. மறுநா வரும்னு நெனச்சோம். வரவே இல்ல. ஆத்தா ஆமணக்க இடிச்சுக் காச்சி வெளக்கேத்துனா. பொழுது சாஞ்சா ஊரே இருட்டு. சப்பான்காரன் ஏரோப்பிளான்ல வருவான், வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு வேற சொன்னாக. வெளக்கே இல்லாத ஊருல எத அமத்துறது?"

கெமிக்கல் நண்பர்களுக்காக ஒரு தகவல். பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் யெனாங்யாங் என்ற ஊரில் பெரிய எண்ணெய் வயல் இருந்தது. நம் பாரத் பெட்ரோலியத்தின் பழைய பெயர் பர்மா ஷெல். அந்தப் பேரில் உள்ள பர்மா இதுதான். ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதுன்னு 1942 ஏப்ரல் நடுவில் ஆங்கிலேயர்களே அந்தக் கிணறுகளை வெடி வைத்து அழித்தார்கள். அங்கே கிணறு எரிந்தது, இங்கே ஒரு குடிசையில் சிம்னி அணைந்தது.

அரிசிக் கதையும் அப்படித்தான். பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. அது அடியோடு நின்றது. நான் அப்பத்தாவிடம் கேட்டேன், "நீங்க கம்பங்கூழ்தானே குடிச்சீங்க, அரிசி நின்னா உங்களுக்கு என்ன?"

"நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான், நெசந்தான். ஆனா டவுன்ல அரிசி இல்லைன்னதும் அவுகளும் கம்பு, சோளம்னு தேடி வந்துட்டாகல்ல. யாவாரி வண்டி கட்டிக்கிட்டு வந்து களத்துலயே அளந்துட்டுப் போயிட்டான். காசுக்கு ஆசப்பட்டு வித்தவுக வித்தாக. எங்களுக்கு விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. புளியங்கொட்டைய வறுத்து, ஊறவச்சு, அவிச்சுத் தின்னோம். பனங்கெழங்கு இருந்தா அன்னிக்குப் பண்டிகை."

எக்கனாமிக்ஸ் பேப்பரில் பதிலீட்டுப் பொருள்னு படிச்சோமே, ஒன்று விலை ஏறினால் இன்னொன்றும் ஏறும்னு. அப்பத்தா அதைப் பசியாகப் படிச்சிருக்காங்க. நாம் நல்லவேளை புளியங்கொட்டையோடு தப்பினோம். 1943ல் வங்காளத்தில் அரிசி விலை ஏறிப் பஞ்சம் வந்தபோது செத்தவர்கள் 20 முதல் 30 லட்சம் பேர்னு மதிப்பிடுறாங்க. பர்மா அரிசி நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

கரி பஸ்

அந்த ஆடி மாசம் சின்னய்யா வந்து சேர்ந்தார்.

அருப்புக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது, 1960களில்தான் வந்தது. விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து கரி பஸ் பிடித்து வந்திருக்கார். மெக்கானிக்கல்காரங்களுக்கு இது பிடிக்கும். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பெரிய உருளையை மாட்டி, அதில் மரக்கரியைக் கொட்டி, போதுமான காற்று விடாமல் எரிப்பார்கள். பாதி எரிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். அந்த வாயுவில்தான் எஞ்சின் ஓடும். இன்றைக்கு நாம் கேஸிஃபையர்னு லேபில் பார்க்கிறோமே, அதேதான். பெட்ரோல் அளவுக்கு இழுவை இருக்காது. "கிளீனரு பையன் பின்னால நின்னு விசிறியச் சுத்து சுத்துன்னு சுத்துவான். மேட்டுல ஏறாது. எல்லாரும் எறங்கித் தள்ளணும். எறங்கி வந்தா மூஞ்சியெல்லாம் கரி."

அந்தக் கரி மூஞ்சியோடு, எலும்பும் தோலுமாக ஒருத்தர் வாசலில் வந்து நின்றதும், யாரோ பரதேசின்னு நினைத்து அப்பத்தா உள்ளே ஓடி ஒரு குவளை கூழ் எடுத்து வந்திருக்காங்க.

பர்மாவிலிருந்து அந்த வருஷம் கிளம்பிய இந்தியர்கள் சுமார் நான்கைந்து லட்சம் பேர். கொஞ்சப் பேருக்குத்தான் கப்பலில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் நடந்தார்கள். வடக்கே மணிப்பூர் வழியாக ஒரு பாதை. மேற்கே பிரோம் என்ற ஊரிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி, நூறு மைலுக்கு மேல் நடந்து தவுங்குப் கடற்கரைக்கு ஒரு பாதை. அங்கிருந்து தோணி பிடித்து அக்யாப், சிட்டகாங். வழியெல்லாம் காலரா. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, கறுப்பர்களுக்கு ஒரு வழின்னு பாகுபாடு காட்டினதா அன்றைக்கே பெரிய புகார் எழுந்தது. தமிழில் இதைப் படிக்கணும்னா வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' தேடிப் படிங்க. ரங்கூனில் பத்திரிகை நடத்தியவர், 1942ல் மனைவியோடு நடந்தே வந்தவர். மூட்டை தூக்கியவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை.

சின்னய்யா சொன்னது சுருக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரோம் வழியாகத்தான் நடந்திருக்காங்க. மலையை இறங்கும்போது அண்ணனுக்கு வாந்தி பேதி. கடற்கரையில் ஒரு கொட்டகையில் படுக்க வைத்தார்கள். தோணி கிளம்புது, ஒரு ஆளுக்குத்தான் இடம். "நீ போடா, நான் அடுத்த தோணியில வாரேன்"னு அண்ணன் சொன்னார். இவர் ஏறினார். சிட்டகாங்கில் பதினைந்து நாள் காத்திருந்தார். அடுத்த தோணியிலும் அதற்கடுத்த தோணியிலும் அண்ணன் வரவில்லை.

வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. ஒரு பெரியவர் ஆக வேண்டியதைப் பார்க்கலாம்னு பேச்செடுத்தாராம். அப்பத்தாவின் அம்மா அழுகையை நிறுத்திட்டு மச்சினரைப் பார்த்துக் கேட்டாங்க.

"செத்ததைப் பாத்தியா?"

"இல்ல மதினி."

"பாத்தவன் ஆராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

குங்குமத் தட்டு

இங்கேதான் அப்பத்தா கொஞ்சம் நிறுத்தினாங்க. தண்ணி குடிச்சுட்டு, ரெக்கார்டர் இன்னும் ஓடுதான்னு கேட்டுட்டு, தொடர்ந்தாங்க.

"மறு வைகாசியில ஒரு கலியாணம். பொம்பளைகளுக்குக் குங்குமத் தட்டு நீட்டிக்கிட்டு வாராக. எங்காத்தா முன்னால வந்ததும் தட்டு நின்னுருச்சு. தட்டு வச்சிருந்தவ பக்கத்துல இருந்தவ மூஞ்சியப் பாக்குறா. குடுக்கலாமா வேண்டாமான்னு அவளுக்கும் தெரியல பாவம். அவ மேல தப்பில்ல. எங்காத்தா தானா கைய நீட்டி எடுத்து வச்சுக்கிட்டா. எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. அன்னியில இருந்து ஆத்தா எந்த விசேசத்துக்கும் போறதில்ல. மொய்ப்பணத்த என் கையில குடுத்து அனுப்பிருவா."

யோசிச்சுப் பாருங்க. புருஷன் செத்துட்டார்னா ஒரு வாழ்க்கை, இருக்கார்னா ஒரு வாழ்க்கை. இரண்டுக்கும் சடங்கு இருக்கு, பேர் இருக்கு, உடுத்துற சேலைக்கு நிறம்கூட இருக்கு. தெரியலன்னா? அதுக்கு எங்க ஊரில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தத் தட்டு நின்ற ஒரு நிமிஷத்தில் ஒன்பது வயசுப் பிள்ளை அதைப் பார்த்துட்டாங்க. எண்பது வயசைத் தாண்டியும் அது அவங்களை விட்டுப் போகல.

சின்னய்யா அதன்பிறகு கப்பல் ஏறவில்லை. அண்ணன் நிலத்தையும் சேர்த்து உழுதார். ஆனால் மதினி முன்னால் உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லையாம். கஞ்சியை வாங்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போயிடுவார். மதினி அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வந்து உட்காருன்னும் சொன்னதில்லை.

ஓட்டைக் காலணா

அடுத்த இரண்டு வருஷத்தை அப்பத்தா "ஓட்டைக் காலணா வந்த வருசம்"னு சொல்றாங்க. இது தேதி கண்டுபிடிக்க ரொம்ப வசதி. நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட காலணா 1943ல்தான் முதலில் வந்தது. போருக்கு உலோகம் வேணும், அதனால் காசிலும் மிச்சம் பிடித்தார்கள். ரூபாய்க்காசில் வெள்ளியை 1940லேயே பாதியாகக் குறைத்திருந்தார்கள். "பழைய ரூவாயச் சுண்டுனா ணங்ணு கேக்கும். புது ரூவா சத்தம் நல்லால்லைன்னு கெழவிகள்ளாம் வாங்க மாட்டாக." ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்துத் தம்பியின் அரைஞாணில் கட்டிவிட்டது அப்பத்தாவுக்கு அந்தக் காலத்தின் ஒரே விளையாட்டு.

துணிக்கும் பஞ்சம். 1943ல் துணிக்கும் நூலுக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு வந்தது. மில் நூல் கைக்கு வரவில்லை. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் எப்பவும் கேட்கும் தறிச்சத்தம் குறைந்துபோனதை, சந்தைக்குப் போனபோது கவனித்திருக்காங்க. இதில் ஒரு கொடுமை பாருங்க. எங்க கரிசலில் விளைவது கருங்கண்ணிப் பருத்தி. தோட்டத்தில் பருத்தி வெடித்து நிற்கும், வீட்டில் மாற்றுச் சேலை இருக்காது. "ஆத்தாவும் நானும் விடியுமுன்ன கம்மாய்க்குப் போவோம். பாதிச் சேலையக் கட்டிக்கிட்டு மீதியக் காய வைப்பா. அது காஞ்சதும் இதக் காய வைப்பா. ஆள் வருதான்னு பாக்குறது என் வேலை."

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. எங்க ஊரில் அதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் பர்மாத் தபால் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பக்கத்து ஊர்களில் இரண்டொரு வீட்டுக்குக் கடுதாசி வந்தது. அதைக் கேள்விப்பட்டு அப்பத்தாவின் அம்மா மறுபடியும் தபாலாபீசுக்கு நடக்க ஆரம்பிச்சாங்க.

நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. 2024 வரை அது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவாக இருந்தது. ஏழு வருஷம் ஒருத்தரைப் பற்றி, கேள்விப்பட வேண்டியவர்கள் யாரும் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கார்னு சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதாவது 1949க்குப் பிறகு நிலத்தை மகன் பேருக்கு மாற்றலாம்னு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்பத்தாவின் அம்மா சம்மதிக்கல. "அவுக பேருல இருந்தா மொளைக்காதா?"ன்னு கேட்டாங்களாம்.

அப்பத்தா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது அதே பேச்சு மறுபடி வந்தது. அப்பா பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'ன்னு போடுவதா வேண்டாமா? போடவில்லை. மணமேடையில் தாரை வார்த்தது சின்னய்யா. பத்திரிகையில் இருந்தது அய்யா பேர். அந்த அம்மா பொட்டோடும் தாலியோடும்தான் செத்தாங்க. "எங்காத்தா செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது தாயி. ஆனா எங்கய்யாவை அவ சாகவிடல."

பட்டியலில் இல்லாதவர்

ரெக்கார்டிங்கை முடிச்சதும் அப்பத்தா கேட்டது ஒன்றுதான். "உன் போன்ல எல்லாம் வருமாமே. எங்கய்யா பேரு எங்கயாச்சும் இருக்கான்னு பாரு."

தேடினேன். யாங்கோனுக்குப் பக்கத்தில் தவுக்யான் என்ற இடத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு. அங்கே ரங்கூன் நினைவுச்சின்னத் தூண்களில், புதைத்த இடமே தெரியாமல் போன படைவீரர்கள் சுமார் 27,000 பேரின் பெயர்களைச் செதுக்கி வச்சிருக்காங்க. இணையத்தில் ஒவ்வொரு பெயரையும் தேடலாம். இந்தியர் பெயர்கள் ஏராளம். அது சரியான மரியாதைதான். ஆனால் தவுங்குப் பாதையில் விழுந்த மூட்டைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு தூண் கிடையாது. அந்தப் பயணத்தில் செத்தவர்கள் எத்தனை பேர்னு கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. பத்தாயிரம் என்பவர் உண்டு, அதைப் போலப் பல மடங்கு என்பவரும் உண்டு. எண்ணிக்கையே இல்லாத இடத்தில் பேர் எங்கே இருக்கும்?

இல்லைன்னு அப்பத்தாகிட்ட சொன்னேன். அவங்க ஆச்சரியப்படவில்லை. அவங்க சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினேன். பேர், தகப்பன் பேர், ஊர், கப்பல் ஏறின வருஷம், கடைசியாகப் பார்த்த இடம். செத்த தேதின்னு ஒரு கட்டம் போடப் போனேன். வேண்டாம்னுட்டாங்க.

நண்பர்களே, இதை உங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம காலேஜில் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துப் பசங்க எத்தனை பேர்! பர்மா, மலேயா, சிலோன் போன ஒருத்தர் இல்லாத குடும்பம் நம்ம பக்கம் குறைவு. அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவங்க இப்போ எண்பதுகளில், தொண்ணூறுகளில் இருக்காங்க. அடுத்த செமஸ்டர் வரைக்கும் தள்ளிப்போடற விஷயம் இல்லை இது.

கேட்கும்போது "போரைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்காதீங்க. "அதெல்லாம் எனக்கென்னப்பா தெரியும்"னு பதில் வரும். சின்னதாகக் கேளுங்க. அப்போ விளக்குக்கு எண்ணெய் எங்கே வாங்குனீங்க? ஓட்டைக் காலணா பார்த்திருக்கீங்களா? கரி பஸ்ஸில் போயிருக்கீங்களா? சேலை எத்தனை இருந்துச்சு? நம்ம வீட்டில் யார் கப்பல் ஏறினா, யார் திரும்பி வந்தா? கடைசிக் கேள்வியைக் கடைசியாகவே கேளுங்க. நடுவில் பேசாமல் இருந்தால் அவசரப்படுத்தாதீங்க, ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடட்டும்.

கேட்டதை எழுதும்போது பேரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்க. போனை மாத்தினா ரெக்கார்டிங் போயிடும். அதனால ஒரு நோட்டிலும் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கிற பெட்டியிலேயே வச்சிடுங்க.